யாரு கடைசி?

எந்தக் கூட்டத்துக்குள் போனாலும் அந்த அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "யாரு கடைசி?" ரேஷன் கடை, தண்ணி லாரி, கரண்ட் ஆபீஸ், கோயிலில் புளியோதரை கொடுக்கிற இடம், இழவு வீட்டில் மாலை போடுகிற இடம், எங்கேயும் இதேதான். கையைத் தூக்கின ஆளுக்குப் பின்னால் போய் நிற்பார். யாரும் கையைத் தூக்கவில்லை என்றால் கூட்டத்தின் ஓரத்தில் ஓர் இடம் பார்த்து, நிமிர்ந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்தில் அவர் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். அவர் பின்னால் இன்னொருவர். முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டம், என்ன ஏது என்று புரியாமலே வரிசையாகிவிடும்.

இது எப்படி நடக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் மாநகராட்சிப் பள்ளியில் டீச்சர். காலை பிரேயருக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். அந்த அக்கா வாயையே திறக்காமல் பெரியவர்களை நிறுத்துவார்.

அவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற வேலையும் என் தலையில் கட்டப்பட்டிருந்ததால், அந்தப் பெயரை எத்தனையோ தடவை நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் குடியிருந்த சந்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் லைன்க்கா. யாரோ கிண்டலாக வைத்தது, பிறகு மரியாதையாகவே ஒட்டிக்கொண்டது. இங்கேயும் பெயர் வேண்டாம்.

எனக்கு வரிசை என்றாலே ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நின்றால் கால் கடுக்கும், அதற்கு முன் மனசு கடுக்கும். முன்னால் நிற்பவர் சில்லறை தேடினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அதனால்தான் முதல் சந்திப்பிலேயே எனக்கும் அக்காவுக்கும் முட்டிக்கொண்டது.

மந்தைவெளியில் ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக்கில் அவர் ஆயா. என் மகளுக்குக் காய்ச்சல். கிளினிக் நிரம்பி, படிக்கட்டு வரை ஆட்கள் இருந்தார்கள். நான் நேரே கதவருகே போய், "ஸ்கூல் டீச்சர்மா நான். பெல் அடிக்கிறதுக்குள்ள போகணும். டாக்டருக்கு என்னைத் தெரியும்" என்றேன். அக்கா முறைக்கவில்லை. குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தாங்கும் டீச்சர். அதோ அந்தப் பச்சப் பொடவக்கி அப்புறம் நீங்க."

சுர்ரென்று வந்தது எனக்கு. முணுமுணுத்துக்கொண்டே பச்சைப் புடவைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. கோடம்பாக்கத்து ஆள். முகத்தைப் பார்த்தால் ஊரே எழுந்து நிற்கும், அப்படிப்பட்ட ஆள். டிரைவர் உள்ளே வந்து, "சார் வண்டில வெயிட் பண்றாரு, பேபிய இப்ப பாத்துடணும்" என்றார்.

"பண்ணட்டும்பா. இந்த டீச்சருக்கு அப்புறம் அவுரு" என்று என்னைக் கைகாட்டினார் அக்கா.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த நடிகர் எனக்குப் பின்னால்! வீட்டுக்குப் போய் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டுக்காரர் நம்பவில்லை.

அக்காவுக்கு ஈரம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு நாள் வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா ஓடி வந்தாள். அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டே, உட்கார்ந்திருந்த எல்லோரையும் பார்த்து, "இந்தப் புள்ளைய முன்னாடி வுடலாமா?" என்று கேட்டார். "இதையெல்லாமா கேப்பாங்க, போம்மா உள்ள" என்று ஒருவர் அதட்டினார். உள்ளே போய்க்கொண்டே அக்கா சொன்னார்: "கேக்கணும் சார். எடம் உங்க்ளுது."

அந்தச் சந்து கால்வாய்க்கும் பறக்கும் ரயில் தூண்களுக்கும் நடுவில் இருந்தது. இப்போது போனால் தகர வேலிதான் இருக்கும். அன்றைக்கும் பாதி காலிதான். அங்கே இருந்த ஹவுசிங் போர்டு பிளாக்குகளைப் பழசாகிவிட்டது என்று இடித்து, குடும்பங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். மிஞ்சியது சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகளின் ஒரே ஒரு வரிசை. சந்து முனையில் நான் வேலை பார்த்த பள்ளி. தேர்தல் வந்தால் என் மூன்றாம் வகுப்பறைதான் சந்துக்காரர்களின் வாக்குச்சாவடி.

சந்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணி லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் காத்திருக்க முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு பொருளை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். கல், ஓட்டை வாளி, பழைய செருப்பு, எதுவானாலும் சரி. பொருள் இருந்தால் ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். இந்த வழக்கம் சென்னையில் பல இடத்திலும் உண்டு. ஆனால் மற்ற இடங்களில், யாரும் பார்க்காதபோது கல் நகரும். இங்கே நகராது. அக்கா காவல் காத்தார் என்று சொல்ல முடியாது. ஒரு குடத்துக்குப் பின்னால் நிற்கும்போதும் ஒரு மனுஷிக்குப் பின்னால் நிற்கிற மாதிரியே நிற்பார், இடிக்காமல், தாண்டாமல். அதைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களுக்கும் பழகிவிட்டது. ஒரு தடவை லாரிக்காரர் அவசரத்தில் ஒரு கல்லை எட்டி உதைத்துவிட்டார். அக்கா அந்தக் கல்லை எடுத்து, முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "சாரிக்கா" என்றார் லாரிக்காரர். அதை அக்காவிடம் சொன்னாரா, கல்லிடம் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம்.

அக்காவுக்குப் பக்கத்து வீடு பாயுடையது. தையல்காரர். சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போய், இரண்டு கட்டைகளை ஊன்றி நடப்பவர். வீட்டில் உருது, வெளியில் எங்களைவிடச் சுத்தமான சென்னைத் தமிழ். அக்காவைத் தங்கச்சி என்பார். தேர்தல் நாளன்று தானே தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் மர ஸ்கேலை வரிசையில் வைத்துவிட்டு, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சாவடி தெரியும். ஸ்கேல் வகுப்பறை வாசலுக்கு வந்ததும் எழுந்து வருவார். ஒரு தேர்தலைக்கூட விட்டவரில்லை. அதில் அவருக்குப் பெருமை அதிகம்.

பிறகு மாநகராட்சி வார்டுகளைப் புதிதாகப் பிரித்தார்கள். புது எல்லைக்கோடு சந்துக்கும் பள்ளிக்கும் நடுவில் விழுந்தது. பள்ளி ஒரு வார்டு, சந்து இன்னொரு வார்டு. அதோடு, இவ்வளவு குறைந்த ஆட்களுக்குத் தனிச் சாவடி தேவையில்லை என்று, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பள்ளியின் சாவடியோடு சந்தைச் சேர்த்துவிடுவதாக வரைவு வெளியிட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் மண்டல அலுவலகத்தில் நேரில் வந்து சொல்லலாம் என்றும் போட்டிருந்தது. இதை வீடு வீடாகப் போய்ச் சொல்வது என் வேலை.

"இன்னா டீச்சர், நம்ம ஓட்டுப் பொட்டிய எட்துகினு போறாங்களாமே?" என்றார் அக்கா. எனக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது.

"கணக்கு அப்படிக்கா. இத்தனை பேருக்கு ஒரு மெஷின், நாலு ஆபீசர், போலீஸ்னு போட முடியாதுங்கறாங்க. அதுவும் நியாயமாத்தானே இருக்கு?"

"நாயம்தான். யாரு இல்லன்னாங்க?" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். "பிளாக்க இட்சாங்க. ரேஷன் கட போச்சு. லாரி எப்பவோ ஒரு வாட்டின்னு ஆச்சு. எலெக்சன் வந்தாதான் இந்தச் சந்துல லைட்டு எரியுது டீச்சர். ஏன் எரியுது? பொட்டி இங்க வருது. ஆபீசருங்கோ வர்றாங்கோ. ஓட்டு கேக்கறவன் கால்வா நாத்தத்துல மூக்கப் பொத்திகினு நடந்து வர்றான். பொட்டி போச்சுன்னா நாங்க கீறோம்னே ஒர்த்தனுக்கும் தெரியாது. அப்பால ஒரு நாளு வந்து, இங்க யாருமே இல்லன்னு எய்திகினு பூடுவான்."

அக்கா பாய் வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அவுரு அந்த ரோட்ட எப்பிடித் தாண்டுவாரு?"

மெயின் ரோட்டை இரண்டு நல்ல காலோடு தாண்டுவதற்கே நான் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொள்வேன்.

விசாரணை நாளன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வேலை நாள். மண்டல அலுவலக வராந்தாவில் வார்டுக்கு நிற்க ஆசைப்பட்டவர்கள், அடுக்குமாடிச் சங்கத்துக்காரர்கள், வெள்ளைச் சட்டைகள் எல்லாம் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். இரண்டு கையிலும் துணிக்கடைக் கட்டைப்பை. "யாரு கடைசி?" என்றார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா சுவரோரமாகப் போய், பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் பாயின் மர ஸ்கேல். அதற்குப் பின்னால் ஒரு வாட்ச்மேனின் விசில். அதற்குப் பின்னால் மடித்த காக்கிச் சட்டை, தி.நகர் துணிக்கடையில் நிற்கிற பெண்ணின் டிபன் பாக்ஸ், குடம், செருப்புகள், வீட்டுவேலைக்குப் போகிற ஒருத்தியின் சாவிக்கொத்து. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு வைத்தார். வராந்தாவின் அந்தக் கோடிவரை அது நீண்டது. எல்லாவற்றுக்கும் கடைசியில் அவர் போய் நின்றுகொண்டார்.

"இன்னாம்மா இது, காயலாங்கடையா?" என்று ஒரு வெள்ளைச் சட்டை சிரித்துக்கொண்டே குடத்தைக் காலால் நகர்த்தினார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அது நாலு வூட்ல பாத்திரம் கழுவுற பொண்ணு. கால எட்து பேசு நைனா."

அந்த ஆள் காலை எடுத்துக்கொண்டார். சிரிப்பும் போய்விட்டது. அப்புறம் நடந்ததை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். அடுக்குமாடிச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் மெதுவாக நகர்ந்து அக்காவுக்குப் பின்னால் போய் நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். கதவை மொய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரு டிபன் பாக்ஸுக்கும் குடத்துக்கும் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

அதிகாரி கதவைத் திறந்தார். நல்ல மனிதர், களைத்துப்போன முகம். அந்த அமைதியைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "யாரு ஃபர்ஸ்ட்?" என்றார்.

"பாய் சார்" என்றார் அக்கா பின்னாலிருந்து.

"எங்க அவரு?"

அக்கா ஸ்கேலைக் காட்டினார்.

அதிகாரி சிரித்திருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். வராந்தாவுக்கு இறங்கி வந்தார். அக்கா ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் வந்து நின்று, அது யார், எங்கே வேலை செய்கிறார், சாவடி ரோட்டைத் தாண்டிப் போனால் அவருக்கு என்ன ஆகும் என்று சொன்னார். "இந்தப் பொண்ணுக்கு எலெக்சன் அன்னிக்கு லீவு கெடியாது சார். வூட்ல எல்லாரும் இருப்பாங்கோ, அன்னிக்கிதான் பாத்திரம் ஜாஸ்தி. சந்துலயே பொட்டி இருந்தா நடுவுல ஓடியாந்து போட்டுட்டுப் பூடும்." அதிகாரி கடைசிவரை கேட்டார். பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட "சீக்கிரம்" என்று சொல்லவில்லை.

"எனக்குப் புரியுதும்மா" என்றார் அதிகாரி. "ஆனா நேர்ல வந்தவங்கன்னு உங்க ஒருத்தரத்தான் எழுத முடியும். பொருளை எப்படிம்மா எழுதறது?"

அக்காவின் முகத்தில் அன்றுதான் குழப்பத்தைப் பார்த்தேன். அதிகாரியை மடக்க அவர் அந்தப் பொருள்களைக் கொண்டுவரவில்லை. யாருக்கும் எதையும் காட்டுவதற்காகவும் இல்லை. சந்து முழுவதும் வந்து நிற்கிறது என்று அவர் மனசார நம்பினார்.

"சார், அவங்கல்லாம் வந்துதான் கீறாங்க."

"சட்டத்துல ஆளுதாம்மா கணக்கு."

"ஆளுதான் கணக்கு" என்று அக்கா தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் பையைப் பிரித்து, வைத்த வரிசையிலேயே பொருள்களை எடுத்துக்கொண்டார். "செரி சார். எனக்கு அப்புறம் இந்தப் பெரியவரு. அவரக் கூப்புடுங்க."

இறுதிப் பட்டியலில் எங்கள் சாவடி இல்லை. என் மூன்றாம் வகுப்பறை வெறும் மூன்றாம் வகுப்பறையானது. சந்தில் சிலர், "ஒரு வாட்டி போடலன்னா இன்னா கொறஞ்சி போவுது" என்று பேசினார்கள். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "ஆளுதான் கணக்காம். ஆளா வந்துருங்கோ" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுப் போனார்.

தேர்தல் நாளன்று புதுப் பள்ளியின் வாசலுக்கு உள்ளே, வாக்காளர்களுக்கு வழிகாட்டும் மேஜையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அடுக்குமாடி ஆட்கள் வந்து போட்டுவிட்டுப் போனார்கள். சந்தில் ஒருவரும் வரவில்லை. மதியத்துக்கு மேல் எனக்கு மனசு சரியில்லை. பாத்திரம் தேய்க்கிறவர்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், துணிக்கடையில் நிற்கிறவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

வெயில் தாழ்ந்ததும் அக்கா வந்தார். அதே கட்டைப்பைகள். "யாரு கடைசி?" என்றார். முழுக்கை டி-ஷர்ட் போட்ட ஒருவர் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் அக்கா பொருள்களை வைத்து, ரோடு தாண்டி வர நேரமாகும் என்று இந்தத் தடவை பாயின் ஸ்கேலை எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்துவிட்டு, அதற்கும் கடைசியில் போய் நின்றார். "என்னங்க இது?" என்று கேட்டவரிடம், "உங்க பின்னாடிதான சார் கீது, வர்றவங்க முன்னாடி போலாம்" என்றார். புதிதாக வந்தவர்களை எல்லாம் பொருள்களுக்கு முன்னால் அனுப்பிவைத்தார். வரிசை நகர நகர, குனிந்து குனிந்து ஒவ்வொன்றையும் கையால் எடுத்து முன்னால் வைத்தார்.

பிறகு பேருந்தில் இருந்தும் ஷேர் ஆட்டோவில் இருந்தும் சந்து வந்து இறங்கியது. டிபன் பாக்ஸ் வந்தது. காக்கிச் சட்டை வந்தது. ஒவ்வொருவரும் ஓட்டமும் நடையுமாக வந்து, தன் பொருளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்றார். ஒவ்வொரு ஆள் வரும்போதும் அக்கா முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கும்தான். ஸ்கேல் மட்டும் தரையிலேயே இருந்தது. பாயைக் கூட்டிவர வேண்டிய மருமகனின் ஆட்டோ எங்கேயோ நெரிசலில் மாட்டிக்கொண்டதாம்.

நேரம் முடியப்போகிறது. அக்கா ஸ்கேலைப் பார்த்தார். தன் செருப்புகளைக் கழற்றி, தான் நின்ற இடத்தில் ஜோடியாக வைத்தார். "பாத்துக்கங்கோ" என்று ஸ்கேலுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிவிட்டு வெறுங்காலோடு ரோட்டைப் பார்த்து ஓடினார்.

கேட் கம்பிகளுக்கு நடுவே எனக்கு ரோடு தெரிந்தது. அக்கா நடு ரோட்டில் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் அந்தப் பக்கத்து ரோட்டோரம் வரை தானே நடந்து வந்துவிட்டிருந்த பாய், வெள்ளைச் சட்டையோடு, கட்டைகளை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு. முதலில் ஹாரன் அலறியது. அப்புறம் ஒரு பஸ் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். பாய் இந்தப் பக்கம் ஏறி, கேட்டுக்குள் வந்துவிட்டார். ஆனால் அவருடைய ஒரு கட்டை நழுவி ரோட்டில் விழுந்திருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கட்டையோடு நின்றார். அக்கா அதை எடுக்கத் திரும்பி ஓடினார்.

அதற்குள் நேரம் முடிந்தது. போலீஸ்காரர் கேட்டைச் சாத்தினார். அந்த நொடியில் ஒரு பைக் வந்து நின்றது. சின்ன வயதுப் பெண், அவளோடு அவள் கணவன். "சார், ப்ளீஸ் சார், என்னோட ஃபர்ஸ்ட் ஓட்டு சார்" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். முடியாது என்றார் போலீஸ்காரர். அக்கா வந்து, கட்டையைக் கம்பிகளுக்கு நடுவே பாயிடம் நீட்டினார்.

போலீஸ்காரர் சாயங்காலம் முழுக்க அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கேட்டை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தார். "நீ வாக்கா, சட்டுனு உள்ள வா."

"எங்களுக்கு அப்புறம் வந்தவங்கள எப்படி சார் உள்ள விடுறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. "அக்கா, உங்க செருப்பு உள்ளதானே இருக்கு! நீங்க வரிசையிலதான் நிக்கறீங்க, வாங்கக்கா!" என்று நான் மேஜையை விட்டு எழுந்து கத்தினேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "அது நம்ம சந்துக் கணக்கு டீச்சர். இங்க ஆளுதான் கணக்குன்னு அந்த சாரு சொன்னாரே." போலீஸ்காரரிடம், "அந்தப் பொண்ணு சொல்றது நாயம்பா. கேட்ட மூடு" என்றார்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் பின்னால் போய், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். பூட்டின கேட்டுக்கு வெளியே ஒரு வரிசை.

நேரம் முடிந்ததும் வரிசையில் நிற்பவர்களுக்குக் கையெழுத்துப் போட்ட சீட்டுக் கொடுப்பார்கள். புதிதாக யாரும் சேரக் கூடாது என்பதால் கடைசி ஆளிடமிருந்து ஆரம்பித்து முன்னால் போவது முறை. சாவடித் தலைமை அலுவலர் சீட்டுகளோடு வந்தார். இளைஞர், எங்கேயோ கல்லூரியில் வேலையாம்.

"யாருங்க கடைசி?" என்றார்.

ஸ்கேல் இருந்த இடத்தில் நின்ற பாய் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "எனுக்குப் பின்னாடி இன்னொரு ஆளு கீறாங்கோ சார்" என்றார்.

அலுவலர் செருப்புகளைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். முதல் சீட்டைப் பாயிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். அவரால் வேறென்ன செய்ய முடியும்?

கட்டைக்காரர் முன்னால் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாய் கேட்கவில்லை, தன் இடத்திலேயே நின்றார். வரிசை நகர்ந்தது. பாய் ஒரு கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிரமப்பட்டுக் குனிந்து, செருப்புகளை எடுத்து ஒரு அடி முன்னால் வைத்தார். அடுத்த தடவை டிபன் பாக்ஸ்காரப் பெண் வைத்தாள். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போகாமல் நின்ற முழுக்கை டி-ஷர்ட்டுக்காரர்கூட ஒரு தடவை வைத்தார். இப்படியே அந்தச் செருப்புகள் வரிசையோடு நகர்ந்து நகர்ந்து சாவடி வாசல் வரைக்கும் போய்விட்டன. பாய் உள்ளே போனார், போட்டார், வந்தார். சந்தில் அன்றைக்குப் போடாத ஆள் ஒருவர்தான்.

உள்ளே மெஷினுக்கு முத்திரை வைக்கிற அரக்கின் வாசனை வந்தது. வாசலில் செருப்புகள் மட்டும் இருந்தன. நான் போய் எடுத்தேன். தேய்ந்து, ஒரு வார் தைக்கப்பட்ட செருப்புகள்.

வெளியே பைக் போய்விட்டிருந்தது. அக்கா அதே இடத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"பாய் போட்டாரா டீச்சர்?"

"போட்டாருக்கா."

"அல்லாரும்?"

"எல்லாரும்."

"அப்ப செரி" என்று சிரித்துக்கொண்டே, செருப்புகளை வாங்கக் கையை நீட்டினார்.

நான் கையில் கொடுக்கவில்லை. குனிந்து, அவர் காலடியில் ஜோடியாக வைத்தேன்.